துலும் போகப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவின் கரீபியக் கடற்கரையில் இருக்கிற துலும் என்ற ஊரைப் பற்றி நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். ஊர் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதை விற்கிற விதம் பிடிக்காது. பதில்களில் இரண்டும் தெரியும்.

துலும் எங்கே இருக்கிறது? அப்படி என்ன விசேஷம்?

யுகாட்டன் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், கின்டானா ரோ மாநிலத்தில், கான்குனிலிருந்து தெற்கே சுமார் 130 கி.மீ. தொலைவில். கடலோரத்தில் 12 மீட்டர் உயரப் பாறை, அதன் விளிம்பில் மாயா மக்கள் கட்டிய மதில் சூழ்ந்த நகரம், பாறைக்குக் கீழே வெள்ளை மணலும் பச்சையும் நீலமும் கலந்த தண்ணீரும். இந்த ஒரு காட்சிக்காகத்தான் முதலில் ஆட்கள் வந்தார்கள்.

முதுகில் பையோடு வந்த அந்த முதல் தலைமுறைப் பயணிகளுக்கு ஓலைக் குடிசையும் ஊஞ்சல் படுக்கையும் போதுமாக இருந்தது, மின்சாரம் கிடையாது, ராத்திரி மெழுகுவர்த்திதான். அந்த நாடோடிப் பேரை வைத்துத்தான் இன்று வரை வியாபாரம் நடக்கிறது. குடிசை மட்டும் நட்சத்திர ஹோட்டல் விலைக்குப் போய்விட்டது. செருப்பில்லாமல் நடக்க மணல் தரை, கழுத்தில் மணிமாலை, கையில் பெரிய மாநகர விலையில் ஒரு காக்டெய்ல் என்று இதற்கென்றே ஒரு பாணி உருவாகி, உலகம் பூராவும் அதைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்கள்.

ஊருக்குள் தங்குவதா, கடற்கரையில் தங்குவதா?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், துலும் என்பது ஒரே இடம் இல்லை. 307ஆம் எண் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் இருப்பது ஊர், அதாவது 'ப்யூப்லோ'. மக்கள் குடியிருப்பதும் பள்ளிக்கூடம், சந்தை, பேருந்து நிலையம் இருப்பதும் அங்கேதான். அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, கடலை ஒட்டி ஒரு குறுகிய சாலை தெற்கு நோக்கிப் போகிறது, அதன் இரு பக்கமும் ஹோட்டல்கள், அதுதான் 'ஹோட்டல் மண்டலம்'. மூன்றாவது, வடக்கே இடிபாடுகள். நடுவில் காட்டை வெட்டிக் கட்டிய அல்டியா சமா, லா வெலெட்டா போன்ற புதுக் குடியிருப்புகளும் உண்டு, பாதி கட்டி நிற்கிற அடுக்குமாடிகளோடு.

என் பதில்: ஊருக்குள் தங்குங்கள். சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் கடற்கரைக்கு சைக்கிள் பாதையே இருக்கிறது. அறை வாடகை, சாப்பாடு, துணி சலவை, மருந்து எல்லாமே கடற்கரைச் சாலையில் விற்பதைவிட ஊருக்குள் மலிவு. தேனிலவுக்குப் போகிறோம், அலைச் சத்தத்தில்தான் விழிக்க வேண்டும் என்றால் கடற்கரையில் இரண்டு ராத்திரி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. எடுப்பதற்கு முன் ஏசி ராத்திரி முழுக்க ஓடுமா, ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். அலைச் சத்தத்துக்குக் காசு கொடுத்துவிட்டு டீசல் இன்ஜின் சத்தம் கேட்டுத் தூங்கியவர்கள் நிறைய.

விசா வேண்டுமா?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ நிரந்தரமாக வசிக்கும் உரிமை அட்டையோ கையில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனியாகச் சுற்றுலா விசா எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். வேலை நீட்டிப்பு ஒப்புதல் கடிதம் மட்டும் இருந்தால் போதாது, பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன் மெக்சிகோ தூதரகத்தின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், விதிகள் மாறக்கூடியவை. கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கிற டொரன்டோ தமிழர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

போய்ச் சேர்வது எப்படி?

இரண்டு விமான நிலையங்கள். பழையது கான்குன், விமானங்களும் நிறைய, டிக்கெட்டும் பெரும்பாலும் மலிவு. புதியது துலுமின் சொந்த நிலையம், 2023 டிசம்பரில் திறந்தது, ஃபெலிப்பே கார்ரியோ புவெர்த்தோ என்று பெயர். சொந்த நிலையம் என்றதும் வாசலில் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள், ஊரிலிருந்து நல்ல தூரம் தள்ளிக் காட்டுக்குள் இருக்கிறது.

கான்குனில் இறங்கினால் அங்கேயே 'ஆடோ' பேருந்து கிடைக்கும், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், சொகுசான வண்டி, ஏசி பல்லைக் கிட்ட வைக்கும், ஒரு சால்வை கையில் இருக்கட்டும். வழியில் இருக்கிற ப்ளாயா டெல் கார்மென் ஊரிலிருந்து வருவதானால் 'கொலெக்டிவோ' என்கிற வெள்ளை வேன்கள் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டே இருக்கும். கை காட்டினால் நிற்கும், இறங்கும்போது பெசோவில் காசு கொடுக்கலாம், வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர்களோடு நெருங்கி உட்கார்ந்து வரலாம். எனக்கு இதுதான் பிடித்த வழி. பெரிய பெட்டிகளோடு போனால் மட்டும் வேண்டாம்.

தீபகற்பத்தைச் சுற்றி ஓடுகிற 'மாயா ரயில்' என்ற புது ரயிலும் இப்போது துலும் வரை வந்துவிட்டது. நிலையம் ஊருக்கு வெளியே, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். இந்த ரயிலைப் பற்றிக் கீழே இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. மழை குறைவு, வெயில் தாங்கும்படி இருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் விலை தாறுமாறாக ஏறும், அந்த இரண்டு வாரத்தைத் தவிர்த்துவிட்டால் ஜனவரி பின்பாதி அருமை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை, 2024 ஜூலை 5 அன்று பெரில் சூறாவளி துலுமுக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. அந்த மாதங்களில் போனால் ரத்து செய்ய முடிகிற அறையாகப் பார்த்து எடுங்கள்.

கடற்கரை முழுக்கப் பழுப்பு நிறப் பாசி என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், படங்களில் காட்டமாட்டார்கள். சர்காசம் என்கிற மிதக்கும் கடற்பாசி. 2011க்குப் பிறகு அட்லான்டிக்கில் கன்னாபின்னாவென்று பெருகி, காற்றும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டு வந்து கரீபியக் கரைகளில் கொட்டுகிறது. துலும் கிழக்கே பார்த்திருப்பதால் நேராக வாங்கிக்கொள்கிறது. பொதுவாக ஏப்ரலில் இருந்து ஆகஸ்ட், செப்டம்பர் வரை தொல்லை அதிகம். கரையில் ஒதுங்கி அழுகும்போது அழுகின முட்டை வாடை வரும், வெள்ளி நகை போட்டிருந்தால் கறுத்துவிடும். ஒரு நாள் முழங்கால் அளவு குவிந்திருக்கும், அடுத்த நாள் காற்று திசை மாறினால் சுத்தமாகிவிடும், முன்கூட்டி யாராலும் உறுதி சொல்ல முடியாது. அன்றன்றைய நிலவரத்துக்கு வரைபடம் போடுகிறார்கள், காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாசி வந்த நாளை வீணாக்காதீர்கள், அன்றைக்குச் செனோட்டே என்கிற நன்னீர்க் குழிகளில் ஒன்றுக்குப் போய்விடுங்கள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இடிபாடுகள் உண்மையிலேயே பார்க்கத் தகுந்தவையா? பிரமிடு எதுவும் இல்லையாமே?

வானளாவிய பிரமிடை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். துலும் ஒரு துறைமுக ஊர், தலைநகரம் இல்லை. மாயா நாகரிகத்தின் பெரிய நகரங்கள் பல காட்டுக்குள் கைவிடப்பட்டுச் சில நூற்றாண்டுகள் ஆன பிறகு, 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை கொழித்த இடம். கட்டடங்கள் குட்டை, வேலைப்பாடும் முரடு. பெரியதான 'எல் காஸ்டியோ'வே சுமார் ஏழரை மீட்டர்தான்.

அப்புறம் ஏன் போக வேண்டும்? நிற்கிற இடத்துக்காக. மூன்று பக்கம் கல் மதில், நாலாவது பக்கம் பாறையும் கடலும். மதில் சில இடங்களில் எட்டு மீட்டர் தடிமன், உள்ளே நுழைய ஐந்தே ஐந்து குறுகலான வாசல்கள், குனிந்துதான் போக வேண்டும். இவ்வளவு காபந்து எதற்கு என்றால் சரக்கு. கருங்கண்ணாடிக் கல்லான அப்சிடியன், இன்றைய குவாத்தமாலாவிலிருந்து, கிட்டத்தட்ட 700 கி.மீ. தொலைவிலிருந்து இங்கே வந்திருக்கிறது. கத்திமுனைக்கும் அம்புமுனைக்கும் அதுதான் அன்றைக்கு எஃகு. கடலோரமாகப் படகில் வந்த சரக்கும் உள்நாட்டிலிருந்து தலைச்சுமையாக வந்த சரக்கும் கைமாறிய இடம் இது.

கரைக்கு எதிரே பவளத்திட்டு நீளமாகப் படுத்திருக்கிறது, அதில் ஓர் இடைவெளி. எல் காஸ்டியோவின் கடல் பக்கச் சுவரில் உள்ள திறப்புகளுக்குப் பின்னால் தீ மூட்டி, படகோட்டிகளுக்கு அந்த இடைவெளியைக் காட்டினார்கள் என்று ஒரு கருத்து உண்டு. அதாவது கோயிலே கலங்கரை விளக்கம். எனக்கு இது நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

அவசரமாகச் சுற்றுபவர்கள் தவறவிடுவது ஒரு சின்னக் கட்டடத்தை, 'இறங்கும் தெய்வத்தின் கோயில்'. சுவரும் வாசலும் நேராக நிற்காமல் சாய்ந்திருக்கும், பார்த்தால் நமக்குத்தான் தலை சுற்றுகிறதோ என்று தோன்றும். வாசலுக்கு மேலே ஒரு மாடத்தில் சுண்ணச்சாந்தில் செய்த உருவம், தலை கீழே, கால் மேலே, இரண்டு பாதமும் வானத்தைப் பார்த்து விரிந்திருக்க, கைகள் முகத்துக்குக் கீழே சேர்ந்திருக்கும். தேனீக்களின் தெய்வம் என்கிறார்கள் சிலர், வெள்ளிக் கோள் என்கிறார்கள் சிலர். தேனீ என்பதற்குக் காரணம் இருக்கிறது, இங்கே தேன் பெரிய வியாபாரம், வளர்த்தது கொட்டாத மெலிப்போனா தேனீ, நம்மூர் கொசுத்தேனீயின் உறவுக்காரன். இதே தலைகீழ் உருவம் பக்கத்தில் ஓவியக் கோயிலிலும் இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் மூலைகளில் முகங்கள் செதுக்கியிருக்கிறார்கள், கொஞ்சம் தள்ளி நின்றால் மூலையின் இரு பக்கமும் சேர்ந்து ஒரே முகமாகத் தெரியும்.

ஸ்பானியர்கள் முதலில் இதைக் கடலிலிருந்துதான் பார்த்தார்கள். 1518ல் ஹுவான் தெ க்ரிஹால்வாவின் கப்பல்களில் வந்த பாதிரியார் ஒருவர், ஸ்பெயினின் செவில் நகரமே இதைவிடப் பெரிதாகத் தெரியாது என்று ஓர் ஊரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அது துலும்தான் என்பது பலருடைய எண்ணம். அன்றைக்குச் சிவப்பும் நீலமும் பூசியிருந்த ஊர், இப்போது நாம் பார்ப்பது சாயம் போன எலும்புக்கூடு.

எத்தனை மணிக்குப் போகலாம்? டிக்கெட் எப்படி?

காலை 8 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். பத்து மணிக்கு கான்குன் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்க ஆரம்பித்துவிடும், அப்புறம் நிழலும் கிடையாது, நிற்க இடமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோக்காரர்களுக்கு இலவசம், அவர்கள் குடும்பத்தோடு வந்து பார்க்க வேண்டிய நாள் அது, நீங்கள் வேறு நாளில் போங்கள்.

டிக்கெட் விஷயம் கொஞ்சம் குழப்பம். இடிபாடுகள் இப்போது ஜாகுவார் பூங்கா என்ற பெரிய பாதுகாப்புப் பகுதிக்குள் வருகின்றன. தொல்லியல் துறைக்கு ஒரு கட்டணம், பூங்காவுக்கு வேறு கட்டணம் என்று துண்டு துண்டாக வாங்குகிறார்கள், தொகையும் அடிக்கடி மாறுகிறது, அதனால் இங்கே எண் போடவில்லை. பெசோ நோட்டும் வைத்திருங்கள், கார்டும் வைத்திருங்கள். நெடுஞ்சாலைப் பக்கம் வண்டி நிறுத்தும் இடத்தில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு "டிக்கெட் இங்கேதான்" என்று மறிக்கிறவர்கள் படகுப் பயணமும் சேர்த்து விற்கிற முகவர்கள். சிரித்துவிட்டு நேராக நடந்து போய் உண்மையான கவுன்டரில் வாங்குங்கள்.

ட்ரோனுக்கு அனுமதி இல்லை. ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலைத் தவிர்த்து, நிரப்பிக்கொள்கிற பாட்டிலில் நிறையத் தண்ணீர் எடுத்துப் போங்கள், தொப்பி கட்டாயம்.

கட்டடங்கள் மேல் ஏறலாமா?

கூடாது. கயிறு கட்டியிருக்கிறார்கள். இகுவானா என்கிற பெரிய பல்லிகளுக்கு மட்டும்தான் அனுமதி, அவை எல்லாக் கோயில்களிலும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

மாயா மக்கள் மர்மமாக மறைந்துபோனார்களாமே?

இந்தக் கேள்விதான் எனக்குக் கடுப்பு. யாரும் மறையவில்லை. விடுதியில் உங்கள் அறையைக் கூட்டுகிறவரும் கொலெக்டிவோ ஓட்டுகிறவரும் சந்தையில் பப்பாளி விற்கிற அம்மாவும் வீட்டில் யுகாட்டன் மாயா மொழி பேசுகிறவர்களாக இருக்கலாம். துலும் நகரம் காலியானதற்கு மர்மம் தேவையில்லை, ஸ்பானியர் வந்த பிறகு பரவிய நோய்களும் வியாபாரம் நொடித்துப்போனதும் போதும்.

அதற்குப் பிந்தைய கதை இன்னும் சுவாரசியம், வழிகாட்டிகள் ஏனோ அவ்வளவாகச் சொல்வதில்லை. 1847ல் யுகாட்டனின் மாயா மக்கள் நிலம் பறிப்புக்கும் வரிக்கும் எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள், அரை நூற்றாண்டு ஓடிய போர் அது. காட்டுக்குள் அவர்களுக்கென்று ஓர் அரசே இருந்தது, தலைநகரம் சான் சாந்தா க்ரூஸ், அதுதான் இப்போதைய ஃபெலிப்பே கார்ரியோ புவெர்த்தோ நகரம். அவர்களை வழிநடத்தியது 'பேசும் சிலுவை', அதாவது கடவுளின் கட்டளையைச் சொல்வதாக அவர்கள் நம்பிய ஒரு சிலுவை. 1870களில் துலுமில் இருந்த சிலுவையின் காவலர் மரியா உயிகாப் என்ற பெண், மக்கள் அவரை ராணி என்றே அழைத்தார்கள். போர் வரைபடங்களில் துலும் என்பது மெக்சிகோ ராணுவம் சுலபமாக நெருங்க முடியாத ஓர் இடம்.

அந்த வழிபாடு முடிந்துபோகவில்லை. ஊரின் நடுவிலேயே ஓலைக்கூரை போட்ட மாயா தேவாலயம் இருக்கிறது. இடுப்பில் டவலோடு கடற்கரையிலிருந்து வருகிற கூட்டம் அதைக் கடந்துதான் பார்களுக்குப் போகிறது. உள்ளே போவதானால் அனுமதி கேளுங்கள், செருப்பைக் கழற்றுங்கள், படம் எடுக்காதீர்கள்.

சூயிங் கம்முக்கும் இந்தக் காட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சப்போட்டா மரம். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கிற அதே மரத்தின் சொந்த ஊர் இந்தப் பக்கம்தான். பட்டையைக் கீறினால் வழிகிற பாலைக் காய்ச்சிக் கட்டியாக்கினால் சிக்லே, பழைய சூயிங் கம் அதில்தான் செய்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கின்டானா ரோ காடுகளுக்கு வெளியாட்கள் கூட்டமாக வந்தது இந்தப் பாலுக்காகத்தான், கடற்கரைக்காக இல்லை. மரமும் கெட்டி, மாயாக் கோயில்களின் வாசல் உத்திரங்களில் இதைப் போட்டிருக்கிறார்கள்.

கடற்கரை இலவசமா?

சட்டப்படி மெக்சிகோவின் கடற்கரைகள் எல்லாமே பொதுச் சொத்து, யாரும் மணலுக்கு வேலி போட முடியாது. நடைமுறையில் மணலுக்குப் போகிற வழியை அடைத்துவிட்டால் போதும் அல்லவா? ஹோட்டல் மண்டலத்தில் கிலோமீட்டர் கணக்கில் ஹோட்டல் சுவர்தான். 'பீச் கிளப்' வழியாகப் போனால் குறைந்தது இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்பார்கள், அந்த 'இவ்வளவு' ஊருக்குள் நாலு பேர் வயிறாரச் சாப்பிடுகிற காசு. பூங்காவுக்குள் அடங்கிவிட்ட ப்ளாயா பராய்சோ, சாந்தா ஃபே போன்ற அழகான கடற்கரைகளுக்குப் போக டிக்கெட் கேட்டதில் உள்ளூர் மக்கள் 2025ல் கொந்தளித்தார்கள், நியாயமான கோபம்தான். நீங்கள் போகிற வாரத்தில் எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதை விடுதியில் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள், இணையத்தில் இருப்பது பாதி பழைய செய்தி.

செனோட்டே என்றால் என்ன? எதற்குப் போகலாம்?

துலுமில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நான் கடலை விட்டுவிட்டு இதைச் சொல்வேன்.

யுகாட்டனின் இந்தப் பக்கத்தில் ஆறே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? தரை முழுக்கச் சுண்ணாம்புக்கல், பெய்கிற மழை அப்படியே கீழே இறங்கிவிடும். ஆறுகள் எல்லாம் நிலத்துக்கு அடியில், குகைகளுக்குள் ஓடுகின்றன. குகையின் கூரை இடிந்து விழுந்த இடம்தான் செனோட்டே. மாயா மக்களுக்கு அது குடிநீர், கூடவே பாதாள உலகத்தின் வாசல். துலும் பக்கத்துக் குகைகள் உலகிலேயே நீளமானவற்றில் சேர்ந்தவை. சாக் ஆக்துன் என்ற குகையும் தோஸ் ஓஹோஸ் என்ற குகையும் ஒன்றோடு ஒன்று இணைந்திருப்பதை 2018ல் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள், சேர்ந்த நீளம் 347 கி.மீ. ஓயோ நெக்ரோ என்ற ஆழ்குழியில் 2007ல் ஒரு பதின்வயதுப் பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது, சுமார் 12,000 முதல் 13,000 வருடப் பழசு. அவள் விழுந்தபோது குகையில் தண்ணீரே இல்லை, பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்த பிறகுதான் நிரம்பியது. செனோட்டேக்கள் டைனோசர்களைக் கொன்ற விண்கல்லால் உண்டானவை என்று இங்கே சில வழிகாட்டிகள் சொல்வார்கள். விண்கல் விழுந்த பள்ளத்தின் விளிம்பை ஒட்டிய செனோட்டே வளையம் தீபகற்பத்தின் வடமேற்கில் இருக்கிறது, துலும் பக்கத்துக் குழிகளுக்குப் பொருந்தாது.

எதற்குப் போவது? கிரான் செனோட்டே அழகு, ஆமைகள் கூடவே நீந்தும், ஆனால் கூட்டம். சைக்கிளில் போகிற தூரம்தான், திறக்கிற நேரத்துக்குப் போங்கள். முக்குளிப்பவர்களுக்குத் தோஸ் ஓஹோஸ். திறந்த வெளியும் சதுப்புமரமும் பிடித்தால் காசா செனோட்டே. நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு கீழே பார்த்தால் சில இடங்களில் தண்ணீர் திடீரென்று எண்ணெய் கலந்ததுபோல் மங்கும். மேலே மிதக்கிற நன்னீரும் கீழே கடலிலிருந்து ஊறி வந்த உப்புநீரும் சந்திக்கிற கோடு அது.

நுழைவதற்கு முன் குளிக்கச் சொல்வார்கள், சோப்பு இல்லாமல், தலை நனைய. தேங்காய் எண்ணெய், சன் ஸ்கிரீன், கொசு மருந்து, உதட்டுச் சாயம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. 'மக்கும்' என்று அட்டையில் போட்டிருக்கிற சன் ஸ்கிரீனுக்கும் பல இடங்களில் தடை. தண்ணீருக்குக் கூரை இருக்கிற இடத்தில் வெயிலே இல்லை, பூசி என்ன பயன்?

எனக்கு நீச்சல் தெரியாது. போகலாமா?

தாராளமாக. லைஃப் ஜாக்கெட் வாடகைக்குத் தருவார்கள், பல இடங்களில் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். மரப்படி, கயிறு எல்லாம் இருக்கும். ஆனால் படியை விட்ட உடனே ஆழம் என்பது நினைவில் இருக்கட்டும். குழந்தையைக் கையிலேயே பிடித்திருங்கள். கடலைவிட இது பத்திரம் என்றுகூடச் சொல்வேன், அலை கிடையாது. குகைக்குள் முக்குளிக்க மட்டும் அதற்கென்று பயிற்சி பெற்ற சான்றிதழ் வேண்டும். உள்ளே ஓர் எல்லைக்குப் பிறகு மண்டை ஓட்டுப் படம் போட்ட பலகை வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டிப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு.

சைவம் கிடைக்குமா?

கடற்கரைச் சாலையில் வீகன் உணவகங்கள் ஏராளம், விலையைப் பார்த்தால் பசி போய்விடும். ஊருக்குள் கொஞ்சம் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் மாட்டிக்கொள்கிற இடம் அரைத்த பயறு. 'ஃப்ரிஹோலெஸ்' என்று வருகிற கறுப்புப் பயற்று விழுதைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். "சின் மன்டேகா?" என்று கேளுங்கள், கொழுப்பு இல்லாமல் என்று பொருள். "சின் கார்னே" என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டு போடாமல் தருவார்கள், கொழுப்பு இருக்கும். சோள டார்ட்டியாவில் பொதுவாகப் பிரச்சினை இல்லை, கோதுமை டார்ட்டியாவில்தான் கொழுப்பு சேர்ப்பது வழக்கம்.

அசைவம் சாப்பிடுபவர்கள் 'கொச்சினிதா பிபில்' தேடுங்கள். பன்றி இறைச்சியை அச்சியோத்தே விதைச் சாந்திலும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றிலும் ஊறவைத்து வாழையிலையில் சுற்றி வேகவைப்பது. நல்ல கடைகளில் காலையிலேயே தீர்ந்துவிடும். சாயங்காலம் 'சல்பூத்தே' போடுகிற கடை முன்னால் நின்று பாருங்கள். சோளமாவை உள்ளங்கையில் தட்டி எண்ணெயில் விட்டதும் பூரி மாதிரி உப்பும், கரண்டியால் இரண்டு தடவை எண்ணெயை மேலே அள்ளி ஊற்றி எடுத்து, சூடு அடங்குவதற்குள் முட்டைக்கோஸ், தக்காளி, ஊறவைத்த ஊதா வெங்காயம், அவகாடோ, பிய்த்த கோழி என்று அடுக்கிக் கையில் தந்துவிடுவார்கள். கோழி வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். சாப்பிட்டு முடித்துச் சதுக்கத்துப் பக்கம் போனால் தள்ளுவண்டியில் 'மார்கெசித்தா', மொறுமொறுப்பான சுருளுக்குள் துருவிய சீஸும் இனிப்பும். சீஸும் பால்கோவா போன்ற கஹேத்தாவும் சேர்ந்தால் நன்றாகவா இருக்கும் என்று கேட்காதீர்கள், வாங்கிச் சாப்பிடுங்கள்.

நாங்கள் நன்றாகக் காரம் சாப்பிடுவோம்…

எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஹபனேரோ மிளகாய்ச் சட்னியை முதலில் ஸ்பூன் நுனியில் எடுங்கள்.

காசு, டாக்ஸி?

பெசோவில் கொடுங்கள், டாலரில் விலை சொன்னால் அது உங்களுக்கான தனி விலை. தெருவோரத் தனி ஏடிஎம்மைத் தவிர்த்து வங்கிக் கிளைக்குள் இருப்பதைப் பயன்படுத்துங்கள், கார்டு திருட்டு இங்கே சகஜம். 'எங்கள் மாற்று விகிதத்தில் கணக்கிடவா' என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். உணவகத்தில் 10 முதல் 15 சதவீதம் டிப்ஸ், சில இடங்களில் பில்லிலேயே சேர்த்துவிட்டு மறுபடியும் கேட்பார்கள், பில்லைப் படியுங்கள்.

டாக்ஸிதான் இந்த ஊரின் சாபம். மீட்டர் கிடையாது, ஆப் டாக்ஸியை நம்பிப் போகாதீர்கள், நாலு கிலோமீட்டருக்குக் கேட்கிற தொகையில் பஸ்ஸில் கான்குனே போய்விடலாம். ஏறுவதற்கு முன் பேசி முடித்துவிடுங்கள். முடிந்தவரை சைக்கிள், வெளியூர் சுற்ற வாடகைக் கார். கார் எடுத்தால் காப்பீட்டுத் தொகை இணையத்தில் காட்டிய வாடகையைவிடக் கூடுதலாக வரலாம், முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பா? பெண்கள் தனியாகப் போகலாமா?

போகிறார்கள், நிறையப் பேர். பகலில் ஊரும் இடிபாடுகளும் கடற்கரையும் நிம்மதியாகச் சுற்றக்கூடியவை. ஆனால் மூடி மறைக்க மாட்டேன், கடற்கரை விருந்துகளைச் சுற்றிப் போதைப்பொருள் வியாபாரம் இருக்கிறது, அதற்காகக் கும்பல்கள் மோதிக்கொள்கின்றன. 2021 அக்டோபரில் ஓர் உணவகத்தில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இடையில் மாட்டிய இரண்டு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள், அதில் ஒருவர் இந்தியாவில் பிறந்த பெண். இது மாதிரி தினமும் நடப்பதில்லை. நீங்கள் செய்யக்கூடியது: போதைப்பொருள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள், விற்க வருபவர்களிடம் பேச்சு வளர்க்காதீர்கள், நள்ளிரவுக்கு மேல் இருட்டான கடற்கரைச் சாலையில் சைக்கிளில் தனியாக வராதீர்கள். போலீஸ்காரர் வாடகைக் காரை நிறுத்திக் காசு கேட்டால் ரசீது கேளுங்கள், பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். டெங்கு உண்டு, கொசு மருந்து எடுத்துப் போங்கள், செனோட்டேக்கு முன் கழுவிவிடுங்கள்.

ஹோட்டல்கள் எல்லாம் 'இயற்கையோடு இயைந்தவை' என்கின்றனவே?

மூங்கில் ஸ்ட்ரா வைத்திருப்பார்கள், ஆமாம். ஆனால் அந்தக் கடற்கரைச் சாலை பொதுக் கழிவுநீர்க் குழாயோ போதுமான மின் இணைப்போ இல்லாமலேயே இவ்வளவு பெரிதாக வளர்ந்தது. கரன்ட் டீசலில் வந்தது, கழிவு தொட்டிக்குள் போனது. தரை சல்லடையாக இருக்கிற ஊரில் தொட்டி கசிந்தால் எங்கே போகும்? நிலத்தடி ஆற்றுக்கு, அங்கிருந்து செனோட்டேக்கு, அங்கிருந்து பவளத்திட்டுக்கு. மாயா ரயில் மீதான பெரிய குற்றச்சாட்டும் இதுதான், ப்ளாயா டெல் கார்மெனுக்கும் துலுமுக்கும் இடையே குகைகளின் கூரையைத் துளைத்து இரும்புத் தூண்களை இறக்கியிருக்கிறார்கள். ரயில் வேண்டும் என்கிற உள்ளூர்க்காரர்களும் உண்டு, வேலைக்குப் போக மலிவான வண்டி யாருக்குத்தான் வேண்டாம். நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், குகைப் பக்கம்.

இயற்கையை உண்மையிலேயே பார்க்க வேண்டுமென்றால்?

சியான் கான். 1987ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த காப்பகம், ஹோட்டல் சாலை முடிகிற இடத்தில் தொடங்குகிறது. அந்த வழி குண்டும் குழியுமாக இருக்கும். எளிதான வழி, நெடுஞ்சாலையில் தெற்கே போய் முயில் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து படகில் ஏரியைக் கடந்து, மாயா மக்கள் பயன்படுத்திய கால்வாயில் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு தண்ணீர் இழுக்கிற போக்கில் மிதப்பது. கை கால் அசைக்கவே வேண்டாம். இருபுறமும் சதுப்புநிலப் புல், தலைக்கு மேல் பறவைகள். அங்குள்ள மாயா கூட்டுறவுச் சங்கங்களிடமே நேரடியாகப் படகு பேசலாம், காசு அவர்கள் கைக்குப் போகும்.

கோபா, சிச்சேன் இட்சா இரண்டில் எது?

நேரம் இருந்தால் இரண்டும். கோபா சுமார் 45 கி.மீ., அரை நாள் போதும். காட்டுக்குள் பரந்து கிடக்கிற பழைய பெருநகரம், நொஹோச் முல் பிரமிடு 42 மீட்டர் உயரம். வெள்ளைச் சாலைகள் என்று மாயா மக்கள் போட்ட உயர்த்தப்பட்ட கல் பாதைகள் இங்கிருந்து நாலா பக்கமும் கிளம்புகின்றன, ஒன்று மேற்கே யஷுனா வரை சுமார் 100 கி.மீ. ஓடுகிறது. உள்ளே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், நிழலில் ஓட்டலாம். துலுமைப் பார்த்த அடுத்த நாள் கோபாவைப் பார்த்தால் எது துறைமுகம், எது ராஜதானி என்று சொல்லாமலேயே புரியும்.

பிரமிடுக்குப் பேர்போன மாயா நகரமான சிச்சேன் இட்சா காரில் இரண்டு மணி நேரம். அது யுகாட்டன் மாநிலத்தில் இருக்கிறது, அங்கே கடிகாரம் துலுமைவிட ஒரு மணி நேரம் பின்னால். காலை 7 மணிக்குத் துலுமில் கிளம்பினால் அங்கே 8 மணிக்கு, வாசல் திறக்கிற நேரத்துக்குச் சரியாகப் போய்விடலாம், கூட்டம் வருவதற்கு முன் ஒரு சுற்று முடியும். திரும்பும்போது அதே ஒரு மணி நேரம் போய்விடும், எனவே அன்று சாயங்காலம் கான்குனுக்குப் பஸ்ஸோ விமானமோ இருந்தால் டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரம் எந்த மாநிலத்தின் நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். போனில் நேரம் தானாக மாறுகிறது என்று நம்பி எல்லையோரத்தில் குழம்புகிறவர்கள் அதிகம், கையில் ஒரு சாதாரண வாட்ச் கட்டி அதில் துலும் நேரத்தை வைத்துக்கொள்வது நல்லது.